பெயர் தெரிகிறது, வேலை தெரிகிறதா?

பள்ளித் தமிழ் வினாத்தாளில் 'நயம் பாராட்டுக' என்றொரு கேள்வி நெடுங்காலமாக இடம்பெற்று வருகிறது. கொடுத்திருக்கும் பாடல் எதுவானாலும் விடையின் சட்டகம் மாறாது: திரண்ட கருத்து, மோனை, எதுகை, இயைபு, முரண், அணி, சந்தம், சுவை. காட்டுக்கு யானையையும் பாட்டுக்கு மோனையையும் சேர்த்துக் கட்டும் அந்த உரைநூல் வாசகத்தை முதலில் எழுதி, ஒரே எழுத்தில் தொடங்கும் இரண்டு சொற்களை அதன்கீழ் போட்டுவிட்டால் மதிப்பெண் கிடைத்துவிடும். பாடல் தாலாட்டா, ஒப்பாரியா என்றுகூடப் பார்க்கத் தேவையில்லை. மோனை அந்தப் பாட்டில் என்ன வேலை செய்கிறது என்று கேள்வியும் கேட்பதில்லை, விடையும் சொல்வதில்லை.

அதே மாணவர் கல்லூரியில் தமிழிலக்கியம் எடுத்தால் சொற்கள் பல மடங்காகப் பெருகும். தொல்காப்பியச் செய்யுளியல் செய்யுளுக்கு 34 உறுப்புகள் சொல்கிறது. யாப்பருங்கலக்காரிகை 43 தொடை விகற்பங்களைக் காட்டுகிறது. தண்டியலங்காரம் 35 பொருளணிகளை வகுக்கிறது. பாட்டியல் நூல்களின் வழியே சிற்றிலக்கியம் 96 என்ற கணக்கு வருகிறது. இவை போதாதென்று படிமம், குறியீடு, தொன்மம், இருண்மை, நனவோடை என்று நவீன இலக்கியத் தாளுக்கு வேறொரு பட்டியல். எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி மனப்பாடம் செய்வதுதான் வழக்கம். ஆனால் இவை ஒரே காலத்தில் ஒரே நோக்கத்துக்காகப் பிறந்தவை அல்ல. ஒவ்வொரு தொகுதியும் கவிதையை நோக்கிக் கேட்கப்பட்ட வெவ்வேறு கேள்வியிலிருந்து வந்தது. எந்தச் சொல் எந்தக் கேள்விக்கு உரியது என்று தெரிந்துகொண்டால் மனப்பாடச் சுமை குறையும். பாட்டைத் திறக்கும் வழியும் கிடைக்கும்.

யார் சொல்வது, யார் கேட்பது

மாத்திரை, எழுத்து, அசை, சீர், அடி என்று ஓசையில் தொடங்கும் தொல்காப்பியர், பாதி வழியில் திசை மாறுகிறார். திணை, கைகோள், கூற்று, கேட்போர், களன், காலம், பயன், மெய்ப்பாடு, எச்சம், முன்னம் என்று அடுத்தடுத்து வருபவை ஓசை சார்ந்தவை அல்ல. யார் பேசுகிறார், யார் காதில் விழவேண்டும் என்று பேசுகிறார், எந்த இடம், எந்தப் பொழுது, எதைச் சொல்லாமல் விட்டார் என்ற கேள்விகள் அவை. கவிதையை ஒரு பேச்சு நிகழ்வாகப் பார்க்கும் பார்வை இது.

இந்தச் சொற்களின் பயனுக்குக் குறுந்தொகையின் எட்டாம் பாடல் ஒன்றே போதும். ஆலங்குடி வங்கனார் பாடியது. வயலோரத்து மாமரத்தில் முற்றிய கனி தானாக உதிர்கிறது. பொய்கையில் இருக்கும் வாளைமீன் அதைக் கவ்விக்கொள்கிறது. அப்படிப்பட்ட ஊருக்குத் தலைவன் ஒருவன். எங்கள் இடத்தில் பெருமொழி பேசினான். தன் வீட்டிலோ, முன்னால் நிற்பவர் கையும் காலும் தூக்கினால் தானும் தூக்குகிற கண்ணாடிப் பாவை போல மகனின் தாய்க்கு ஆடிக்கொண்டிருக்கிறான். பாட்டின் செய்தி இவ்வளவுதான்.

உவமை எங்கே என்று கேட்டால் மாணவர் கண்ணாடிப் பாவையைக் காட்டிவிடுவார். அது வெளிப்படையான உவமை. மாங்கனியும் வாளையும் எதற்கு வந்தன? இங்கேதான் கூற்றும் கேட்போரும் உதவுகின்றன. பேசுபவள் காதற்பரத்தை. மனைவி தன்னைப் புறம்பேசினாள் என்று கேள்விப்பட்டு, அந்த மனைவியின் பக்கத்துப் பெண்கள் காதில் விழும்படி பேசுகிறாள் என்கிறது பாட்டின் கீழுள்ள பழைய குறிப்பு. இதைத் தெரிந்துகொண்டு திரும்பப் படித்தால் மீன் தன் வேலையைக் காட்டுகிறது. வாளை மரமேறிக் கனி பறிக்கவில்லை. கனிதான் நீரில் வந்து விழுந்தது. நான் அவனை வளைத்துப் பிடிக்கவில்லை, அவனே வந்தான் என்பது அவள் வாதம். இதை அவள் நேராகச் சொல்லவே இல்லை. இதுதான் உள்ளுறை உவமம். தெய்வம் ஒழிந்த கருப்பொருள்களை இடமாகக் கொண்டே உள்ளுறை அமையும் என்பது தொல்காப்பிய விதி; மருத நிலத்து மீனும் மாவும் அந்த விதிக்குள் கச்சிதமாக அடங்குகின்றன.

உள்ளுறைக்குப் பக்கத்தில் இறைச்சி என்ற இன்னொரு சொல்லும் உண்டு. இரண்டும் கருப்பொருள் வழியே குறிப்பாகப் பொருள் தருபவை. எல்லை எங்கே என்பதில் உரையாசிரியர்களுக்குள்ளேயே உடன்பாடு இல்லை. பொதுவாக, காட்சியின் உறுப்புகள் பாட்டின் மாந்தரோடு ஒன்றுக்கொன்று பொருந்தினால் உள்ளுறை என்றும், அப்படிப் பொருந்தாமல் காட்சியிலிருந்து மேலும் ஒரு குறிப்புப் புறப்பட்டால் இறைச்சி என்றும் வகுப்பறையில் சொல்லித் தருகிறார்கள். தேர்வுக்கு இது போதும். வாசிப்பில் எல்லை எப்போதும் இவ்வளவு தெளிவாக இருப்பதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுவது நல்லது.

மெய்ப்பாடு இன்னொரு கூரிய கருவி. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்னும் எட்டையும் பலர் அறிவர். பரதரின் நாட்டிய நூல் சொல்லும் எட்டுச் சுவைகளோடு இவை ஒப்பிடப்படுவதும் தெரிந்ததே. பலர் தாண்டிப் போய்விடுவது அடுத்த படியை. ஒவ்வொரு மெய்ப்பாட்டுக்கும் நான்கு காரணங்கள் சொல்லப்பட்டிருக்கின்றன. அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை. 'இப்பாடலில் அவலச் சுவை பயின்று வருகிறது' என்று எழுதி முடிப்பவருக்கு இந்த நான்கும் அடுத்த கேள்வியைக் கையில் தருகின்றன: எந்த அழுகை? பாரி மகளிர் பாடிய புறநானூற்று 112ஆம் பாடலில், போன மாத நிலவில் தந்தையும் இருந்தார், குன்றும் இருந்தது. இந்த மாத நிலவில் இரண்டும் இல்லை. அது இழவு. பெருஞ்சித்திரனார் குமணனைப் பாடிய 160ஆம் பாடலில் பசித்த பிள்ளை வெறுங்கலத்தைத் திறந்து பார்த்து அழுகிறது. தாய் புலியைச் சொல்லி அச்சுறுத்துகிறாள், நிலவைக் காட்டித் தேற்றப் பார்க்கிறாள். அது வறுமை. முதற்பாட்டில் யாரிடமும் எதுவும் கேட்கப்படவில்லை. இரண்டாம் பாட்டு வள்ளலிடம் போய்ச் சேரவேண்டிய விண்ணப்பம். காரணத்தைப் பிரித்துப் பார்த்தால்தான் இந்த வேறுபாடு கண்ணில் படும்.

ஓசைக்கு ஒரு கணக்கு

காரிகை கற்றுக் கவி பாடுவதைவிடப் பேரிகை கொட்டிப் பிழைக்கலாம் என்று ஒரு கேலி வழக்கில் உண்டு. அமிதசாகரர் இயற்றிய யாப்பருங்கலக்காரிகைக்குக் கிடைத்த இந்தப் பெயர் இன்றும் மாறவில்லை. 'அலகிட்டு வாய்பாடு தருக' என்ற கேள்வியைக் கண்டாலே கையை எடுத்துவிடுபவர்கள் உண்டு. உண்மையில் யாப்புதான் கலைச்சொற்களில் மிக எளிதாகச் சோதித்துப் பார்க்கக்கூடிய பகுதி. நேர், நிரை என்னும் இரண்டே அலகுகளில் எல்லாம் அடங்கிவிடுகிறது.

பேருந்து நிலையத்துப் பெயர்ப் பலகைகளை வைத்தே இதைப் பழகலாம். சேலம்: சே, லம் இரண்டும் நேர், தேமா. மதுரை: நிரை, நேர், புளிமா. பல்லடம்: நேர், நிரை, கூவிளம். சிதம்பரம்: நிரை, நிரை, கருவிளம். குற்றாலம் மூன்று நேரசை, தேமாங்காய். கும்பகோணம் நேர், நிரை, நேர், கூவிளங்காய். இனித் தளை, அதாவது ஒரு சீர் அடுத்த சீரோடு சேரும் முறை. வெண்பாவுக்கு மா முன் நிரை, விளம் முன் நேர், காய் முன் நேர் வரவேண்டும். 'சேலம் மதுரை சிதம்பரம் பல்லடம் கும்பகோணம் குற்றாலம்' என்று பேருந்து விட்டால் ஓரிடத்திலும் தளை தட்டாது. 'மதுரை சேலம்' என்று மாற்றிவிட்டால் மாவின் முன் நேர் வந்து நேரொன்றாசிரியத் தளை ஆகிவிடும், வெண்பா உடைந்தது. தேமா, புளிமா என்ற வாய்பாட்டுச் சொற்களே தாம் குறிக்கும் ஓசையைத் தம் உடம்பில் வைத்திருப்பவை. தேமா என்று சொன்னாலே நேர்நேர் ஒலித்துவிடுகிறது.

ஆனால் அலகிட்டு முடித்ததும் வேலை முடிந்ததாக நினைப்பது தவறு. வெண்டளையில் ஒரு சீரின் முடிவு அடுத்த சீரின் தொடக்கத்தைக் கட்டுப்படுத்திக்கொண்டே போகிறது. எங்கும் தளர்வு கிடையாது. சொல்லை அளந்து ஒரு கருத்தை முடிந்த முடிபாக நிறுத்த விரும்பிய அறநூலார் குறள் வெண்பாவையும் நேரிசை வெண்பாவையும் நாடியதற்கு இந்த இறுக்கம் கைகொடுத்தது. சங்கப் பாடல்களில் பெருவாரியானவை ஆசிரியப்பாவில் அமைந்ததற்கு அதன் பேச்சு நடை ஒத்துழைத்தது. ஓசையைக் கணக்கிட்ட பிறகு 'இந்தப் பேச்சுக்கு இந்த ஓசை ஏன்' என்று கேட்டால்தான் யாப்பிலக்கணம் இலக்கியத்துக்கு வந்து சேர்கிறது.

ஒரு கருவி எல்லா இடத்திலும் செல்லாது என்பதற்கும் யாப்பே சான்று. தொல்காப்பியர் நேர், நிரையோடு நேர்பு, நிரைபு என்று மேலும் இரண்டு அசைகளைச் சொன்னார்; காரிகை வழியில் அவை விடுபட்டுப் போயின. அருணகிரிநாதரின் திருப்புகழைத் தேமா புளிமாவால் மட்டும் அளந்தால் பாதிதான் பிடிபடும். அங்கே சந்தக் குழிப்பு வேண்டும். அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச் சிந்துக்குத் தாளத்தைத் தெரிந்துகொண்டாக வேண்டும்.

காஞ்சியிலிருந்து கிளம்பிய அணிகள்

தொல்காப்பியத்தில் அணிக்கென்று தனி இயல் இல்லை; உவமவியல் மட்டுமே உண்டு. வினை, பயன், மெய், உரு என்று நான்கு அடிப்படைகளில் உவமையைப் பகுத்ததோடு அது நின்றுவிடுகிறது. உருவகத்துக்குக்கூட அங்கே தனி இடம் இல்லை. இன்று பாடநூல்களில் நிறைந்திருக்கும் அணிப்பெயர்கள் பின்னால் வந்தவை. பதினொன்றாம் நூற்றாண்டில் புத்தமித்திரர் செய்த வீரசோழியம் எழுத்து, சொல், பொருள், யாப்போடு அணியையும் சேர்த்து ஐந்திலக்கணம் ஆக்கியது. அடுத்து வந்த தண்டியலங்காரம், பல்லவர் காலத்துக் காஞ்சியோடு தொடர்புபடுத்தப்படும் தண்டியின் சமஸ்கிருத நூலாகிய காவ்யாதர்சத்தைத் தழுவியது. அதே காவ்யாதர்சம் கன்னடத்தில் கவிராஜமார்க்கத்துக்கும் சிங்களத்தில் சியபஸ்லகரவுக்கும் அடிப்படையானது. திபெத்திய மொழிக்கும் போனது. பதினாறாம் நூற்றாண்டு மாறனலங்காரத்தில் அணிகள் 64 ஆக வளர்ந்தன.

தொல்காப்பியக் கருவிகள் பேசுபவரையும் சூழலையும் கேட்கின்றன என்றால், அணியிலக்கணம் தொடர் எப்படி வளைக்கப்பட்டிருக்கிறது என்று கேட்கிறது. நீண்ட கதைப்பாட்டுக்கும் காப்பியத்துக்கும் இது பொருத்தமான கேள்வி. சங்க அகப்பாட்டுக்கு இதை மட்டும் வைத்துக்கொண்டு போனால் மேலே சொன்ன வாளைமீனைத் தவறவிட்டுக் கண்ணாடிப் பாவையோடு திரும்ப நேரும்.

அணிப்பெயரைச் சொல்வதற்கும் அணியின் வேலையைச் சொல்வதற்கும் உள்ள தூரத்தைச் சிலப்பதிகாரத்தில் அளக்கலாம். கோவலனும் கண்ணகியும் மதுரையை நெருங்கும்போது மதிலின் மேல் கொடிகள் காற்றில் அசைகின்றன. வரவேண்டாம் என்று கைகாட்டி மறிப்பதுபோல் அசைகின்றன என்கிறார் இளங்கோ. இயல்பான நிகழ்வின் மேல் கவிஞர் தம் குறிப்பை ஏற்றிச் சொல்வதால் தற்குறிப்பேற்ற அணி. பள்ளிக்கூடத்தில் இதோடு மணி அடித்துவிடும். புறஞ்சேரி இறுத்த காதையில் இதற்குச் சற்று முன்னால் வையை வருகிறது. நடக்கப்போவதை அறிந்தவள்போல் ஆறு பூக்களால் தன்னைப் போர்த்திக் கண்ணீரை மறைக்கிறது. கணவனும் மனைவியுமோ அதைப் பூ நிறைந்த ஆறு என்று தொழுதுவிட்டுக் கடக்கிறார்கள். கொடியும் ஆறும் அறிந்திருப்பதாகக் கவிஞர் சொல்லும் செய்தி, நடந்து போகும் இருவருக்கும் எட்டவில்லை; கேட்கும் நமக்கு மட்டும் எட்டுகிறது. ஊழ் பற்றிய கதைக்கு இந்த அணியைவிடப் பொருத்தமானது கிடைக்காது. பெயரோடு இதையும் இரண்டு வரி எழுதினால்தான் அது நயம் பாராட்டல்.

ஒரே பெயர், பல வீடு

மாணவர்களைத் திணறடிக்கும் இன்னொன்று, ஒரே கலைச்சொல் வெவ்வேறு நூலில் வெவ்வேறு பொருளில் வருவது. வஞ்சி புறத்திணையின் பெயர். பாவின் பெயரும் கூட. இயைபு அடியின் இறுதி ஒன்றிவரும் தொடை. செய்யுளியலின் எட்டு வனப்புகளில் ஒன்றுக்கும் அதே பெயர். நிரல்நிறை ஓர் அணி. நன்னூல் சொல்லும் எட்டுப் பொருள்கோள்களிலும் ஒன்று. மதிமுகம் என்றால் உவமைத்தொகை, முகமதி என்றால் உருவகம் என்று ஒரே மூச்சில் சொல்லித் தருகிறார்கள். முன்னது சொல்லிலக்கணப் பெயர், பின்னது அணியிலக்கணப் பெயர் என்பதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

புறத்திணையில் இந்தச் சிக்கல் இன்னும் ஆழமானது. தொல்காப்பியத்தில் புறத்திணை ஏழு. காஞ்சி அங்கே நிலையாமையைப் பேசுவது. ஐயனாரிதனாரின் புறப்பொருள் வெண்பாமாலையில் திணை பன்னிரண்டு. காஞ்சி அங்கே படையெடுத்து வந்த மன்னனை எதிர்த்துத் தன் நாட்டைக் காப்பது. புறநானூற்றுப் பாடல்களின் கீழுள்ள குறிப்புகளிலோ கரந்தை, நொச்சி, பொதுவியல் முதலிய பெயர்கள் வருகின்றன. இவை தொல்காப்பியத்தில் தனித் திணைகளாக இல்லாதவை. தொல்காப்பியத்தை மட்டும் படித்துவிட்டுப் புறநானூற்றைத் திறப்பவர் குழம்பாமல் இருக்க முடியாது. எந்த நூலின் வழி என்று கேட்காமல் 'காஞ்சித்திணையை விளக்குக' என்று வினாத்தாள் கேட்டால் பிழை வினாத்தாளுடையது.

சிற்றிலக்கியத்தில் 96 என்ற எண் நிலைத்துவிட்டது. பட்டியல்கள் ஒன்றுபோல் இல்லை. வீரமாமுனிவரின் சதுரகராதிப் பட்டியலுக்கும் பாட்டியல் நூல்களின் பட்டியலுக்கும் வேறுபாடு உண்டு. பரணி, உலா, தூது, கலம்பகம், பிள்ளைத்தமிழ், குறவஞ்சி, பள்ளு என்று உயிரோடு உள்ள வகைகளை நூலோடு சேர்த்துப் படிப்பதே மாணவருக்குப் பயன் தரும். எண்ணை நிரப்புவதில் பயன் குறைவு.

'எழுத்து' காலத்துச் சொற்கள்

இருபதாம் நூற்றாண்டில் கலைச்சொற்களின் இன்னோர் அலை வந்தது. 1916இல் பாரதியார் சுதேசமித்திரனில் ஜப்பானியக் கவிதை பற்றி எழுதினார். வசன கவிதையையும் எழுதிப் பார்த்தார். 1959இல் சி. சு. செல்லப்பா தொடங்கிய 'எழுத்து' இதழும் 1962இல் அவர் தொகுத்த 'புதுக்குரல்கள்' நூலும் யாப்பைக் கைவிட்ட கவிதைக்கு இடம் கொடுத்தன. எதுகையும் தளையும் இல்லாத கவிதையை எதை வைத்து மதிப்பிடுவது என்ற நெருக்கடியில் படிமம், குறியீடு முதலிய சொற்கள் விமர்சன மொழியின் நடுவுக்கு வந்தன. அப்துல் ரகுமான் புதுக்கவிதையில் குறியீடு பற்றித் தனி ஆய்வே செய்தார்.

இந்தச் சொற்களை உவமையின் புதுப்பெயர்களாக நினைத்துவிடும் மாணவர் பலர். பூட்டிய வீட்டு வாசலில் பிரிக்காத நாளிதழ்கள் குவிந்து கிடக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். 'அவன் மனம் பிரிக்காத நாளிதழாகக் கிடந்தது' என்றால் உருவகம். ஒப்பீடே இல்லாமல் அந்த வாசலை மட்டும் காட்டி, ஆளில்லாமையை வாசகரே உணரும்படி விட்டால் படிமம். அதே நாளிதழ்க் கட்டு கவிதை முழுதும் திரும்பத் திரும்ப வந்து, ஒரு வீட்டைத் தாண்டிப் பேச்சற்றுப்போன ஒரு காலத்தையே சுட்டத் தொடங்கினால் குறியீடு. பொருள் ஒன்றுதான், கவிதை அதை எப்படிப் பயன்படுத்துகிறது என்பதைப் பொறுத்துப் பெயர் மாறுகிறது.

பழைய சொற்களும் புது வேலைக்கு வந்திருக்கின்றன. செய்யுளியல் செம்பொருள் அங்கதம், பழிகரப்பு அங்கதம் என்று பிரித்தது. இன்று நாவல், நாடகம், கேலிச்சித்திரம் வரைக்கும் அங்கதம் என்றே சொல்கிறோம். வனப்புகளில் ஒன்றான 'விருந்து', புதுவகைச் செய்யுளுக்கு இடம் விட்டதால் புதுக்கவிதையின் ஆதரவாளர்களுக்குக் கைகொடுத்தது. திணை என்பது நிலத்தையும் வாழ்வையும் சேர்த்துப் பார்க்கும் சூழலியல் திறனாய்வில் இன்று புதிதாகப் பேசப்படுகிறது.

வெளியிலிருந்து கருவி கொண்டுவந்ததை எல்லாரும் ஒப்புக்கொள்ளவும் இல்லை. யாழ்ப்பாணத்துக் க. கைலாசபதி பர்மிங்காமில் ஜார்ஜ் தாம்சனிடம் செய்த ஆய்வு 1968இல் ஆக்ஸ்போர்டு வெளியீடாக வந்தது. கிரேக்க வாய்மொழிக் காப்பியங்களுக்காக உருவான வாய்பாட்டுத் தொடர், வீரயுகம் என்ற கருத்துகளைச் சங்கப் பாடல்களில் பொருத்திப் பார்த்த நூல் அது. திரும்பத் திரும்ப வரும் அடைமொழிகள் ஏன் என்பதற்கு அது விடை தந்தது. செறிவாகக் கட்டப்பட்ட குறும்பாடல்களை வாய்மொழிப் பாணர் மரபுக்குள் எவ்வளவு தூரம் அடக்கலாம் என்ற விவாதத்தையும் கிளப்பியது. இரண்டையும் சேர்த்துப் படிப்பவருக்கே கருவியின் வீச்சும் எல்லையும் தெரியும்.

இப்போது அலகிடும் வேலையைக் கணினியே செய்கிறது. 'அவலோகிதம்' போன்ற யாப்பு மென்பொருளில் பாட்டை இட்டால் அசை, சீர், தளை, தொடை எல்லாம் பிரிந்து வந்துவிடும். இயந்திரம் செய்யக்கூடிய பகுதிக்கே தேர்வில் மதிப்பெண் குவிந்திருப்பது பாடத்திட்டக் குழுக்கள் யோசிக்க வேண்டிய விஷயம். கூற்றையும் கேட்போரையும் கேட்கும் கேள்விகள் வினாத்தாளில் இன்னும் அரிதாகவே இருக்கின்றன.

அந்தக் கேள்விகள் செய்யுளோடு நின்றுவிடுபவையும் அல்ல. புதுமைப்பித்தனின் 'சாப விமோசனம்' கதையைத் தொன்மம், மறுவாசிப்பு என்ற இரண்டு சொற்களோடு வகுப்பில் முடித்துவிடுகிறார்கள். கதை திரும்பும் இடத்தில் சீதை தான் தீக்குளித்ததைச் சொல்கிறாள். ஊரெல்லாம் அறிந்த செய்திதான் அது. கேட்பவள் அகலிகை, இராமனின் கால்தூசியால் கல்லுருவிலிருந்து மீண்டவள், தனக்கு ஒரு நியாயமும் அவனுக்கு ஒரு நியாயமுமா என்று பதறுபவள். வேறு யாரிடம் சொல்லியிருந்தாலும் அது ஒரு பழைய நிகழ்ச்சியை நினைவுகூர்வதோடு முடிந்திருக்கும். இவள் கேட்டதால் மறுபடி கல்லாகிறாள். கதையின் இந்தத் திருப்பத்தை விளக்கத் தொல்காப்பியரின் 'கேட்போர்' என்ற உறுப்பு போதுமானதாக இருக்கிறது.